அண்ணி கழற்றிய டிஸ்க்

அண்ணி என்னைவிட இரண்டு வயது இளையவர். ஸ்கூல் வாத்தியாரான என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் அவரை அண்ணி என்கிறேன். அவர் என்னை வாங்க, போங்க என்கிறார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. ஆனால் கல்யாணமாகி ஒன்பது வருடமாகியும் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "கம்ப்யூட்டர் ரிப்பேரு" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். அதே துறையில் இருக்கும் நானும் அதைத் திருத்தியதில்லை. காலையில் ஒரு கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு போவார், சாயங்காலம் அதே பையோடு களைத்துத் திரும்புவார். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் தனி வீட்டில் இருக்கிறேன்; அம்மா இருப்பது அண்ணன், அண்ணி, அவர்கள் மகளோடு. அந்த வீட்டில் அண்ணிக்கு 'ஒருநிமிஷம்' என்று பட்டப்பெயர். எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் வருவது அந்தச் சொல்தான். அடுப்பில் இருப்பதை இறக்கச் சொன்னால்கூட, குனிந்து தீயை அணைத்தாகிவிட்டதா என்று பார்த்து, இறக்கி வைக்கும் இடத்தைத் துடைத்து, பிறகுதான் பாத்திரத்தில் கை வைப்பார். அதற்குள் அம்மாவுக்குப் பொறுமை போய்விடும். "இவ கையால சாப்பிடணும்னா முதல் நாளே பசிக்கணும்" என்பாள். எல்லோரும் சிரிப்போம். அண்ணியும் சிரிப்பார்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் பொறுப்பாளன். எக்ஸ்ரே அறைகளைத் தாண்டி நடைவழியின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருக்கிறது. உள்ளே இரண்டு ஏ.சி. ஓயாமல் ஓடும், விசிறிகள் இரைவதில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் கேட்கும். அங்கே ஆளுயர இரும்புச் சட்டம் ஒன்று நிற்கிறது. அதற்குத்தான் ரேக் என்று பெயர். எங்கள் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடமாக எடுத்த ஸ்கேன் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, ஒவ்வொன்றின் முகப்பிலும் சின்ன இழுப்பறைகள் போலப் பன்னிரண்டு டிஸ்க்குகள். இரண்டுக்கும் நடுவே ஒல்லியான இன்னொரு பெட்டி. அதற்குள்ளே இருக்கும் இரண்டு கன்ட்ரோலர்கள்தான் எல்லா டிஸ்க்குகளையும் மேய்ப்பவை. ஒன்று படுத்துவிட்டால் மற்றது தாங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ரேக் எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. முதல் பெட்டியில் மூன்றாவது டிஸ்க் பிழை மேல் பிழையாகக் காட்டுகிறது, இன்னும் சாகவில்லை, ஆனால் அதிக நேரம் தாங்காது, மாற்றுங்கள் என்றது. ஏற்கெனவே ஒரு வாரமாக ஒரு கன்ட்ரோலர் தானாக அணைந்து அணைந்து எழுந்துகொண்டிருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் போன் போட்டேன். இரண்டுக்கும் மாற்றுச் சாமானோடு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்.

எட்டரைக்கு வாசலிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். "சார், ஸ்டோரேஜுக்கு இன்ஜினியர் வந்திருக்காங்க. லேடி."

போய்ப் பார்த்தால், தோளில் கறுப்புப் பை, கையில் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு அண்ணி நிற்கிறார்.

"நீங்களா?" என்றேன்.

"நானும் உங்க பேரைப் பார்த்துட்டுதான் வந்தேன். இங்க உங்களை சார்னு கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் அண்ணி."

"அப்ப சரி. முதல்ல ஸ்கிரீனைக் காட்டுங்க. ரேக் அப்புறம்."

நான் நேராக ரேக்குக்குக் கூட்டிப்போய், டிஸ்க்கைக் காட்டி, பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுக் காபி வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் என் மேசையில் உட்கார்ந்துகொண்டு பழைய எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். படித்து முடித்து, "பேக்கப் எப்ப எடுத்தது?" என்று கேட்டார்.

"தினமும் எடுக்கிறோம்."

"காட்டுங்க."

காட்டினேன். முந்தின நாள் ராத்திரி எடுத்தது பாதியில் நின்றிருந்தது. திங்கட்கிழமை எடுத்த ஸ்கேன்கள் எதற்கும் நகல் இல்லை. எனக்கு முகம் சிவந்தது. "இதை முதல்ல முடிச்சுடுவோம். நாப்பது நிமிஷம் ஆகுமா? ஆகட்டும்" என்றார்.

அந்த நாற்பது நிமிடத்துக்குள் எங்கள் டைரக்டர் இரண்டு முறை வந்துவிட்டார். அவர் எலும்பு டாக்டர். நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே கடிகாரம் பார்ப்பார். "இன்னுமா ஆரம்பிக்கல? பதினோரு மணிக்கு எனக்கு ஆபரேஷன் இருக்கு. பழைய படங்களைத் திறந்தா ஆமை மாதிரி வருது" என்றார். அண்ணி எழுந்து நின்று, "ஆரம்பிச்சாச்சு சார். இதுவும் அந்த வேலைதான்" என்றார். டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நகல் முடிந்ததும் ரேக் அறைக்குப் போனோம். அண்ணி பையைத் திறந்தார். உள்ளே ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர்கள் அளவு வாரியாக, ஒரு டார்ச், எழுதி ஒட்டும் வெள்ளை டேப், பேனா, சுருட்டி வைத்த இரண்டு பட்டைகள். ஒரு பட்டையைத் தன் மணிக்கட்டில் கட்டி, அதிலிருந்து போன ஒயரின் நுனியை ரேக்கின் இரும்பில் மாட்டினார். மற்றதை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்கு?"

"பக்கத்துல நிக்கப் போறீங்கள்ல. உங்க உடம்புல இருக்கற கரன்ட் உங்களுக்குத் தெரியாது. சிப்புக்குத் தெரியும்."

கட்டிக்கொண்டேன். முளையில் கட்டிய ஆடு மாதிரி இருந்தது. அதைச் சொன்னேன். "ஆடு கயித்தோட நீளத்துக்குத்தான் மேயும். நீங்களும் அந்த ஒயர் நீளத்துக்கு மேல போகாதீங்க" என்றார்.

மேல் பெட்டியில் 1 என்றும் கீழ்ப் பெட்டியில் 2 என்றும் பெரிய எண்கள் ஒட்டியிருக்கும். நான்கு வருடத்துக்கு முன் என் கையால் ஒட்டியவை. "முதல் பெட்டி, மூணாவது. இதுதான்" என்று மேல் பெட்டியில் ஒரு டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினேன். அதன் பச்சை விளக்கு மற்ற டிஸ்க்குகளைப் போலவே மினுமினுத்துக்கொண்டிருந்தது. இன்னும் சாகாத டிஸ்க் என்பதால் சிவப்பு எதுவும் எரியவில்லை.

அண்ணி அதைத் தொடவில்லை. "ஒரு நிமிஷம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஸ்கிரீன்ல அந்த டிஸ்க்குக்கு அடையாள விளக்கு போடுங்க."

லேப்டாப்பில் அழுத்தினேன். மேல் பெட்டியில் ஒன்றும் நடக்கவில்லை. கீழ்ப் பெட்டியில், மூன்றாவது இழுப்பறையில், ஒரு நீல விளக்கு கண் சிமிட்டியது.

"சிஸ்டம் தப்பாக் காட்டுது" என்றேன்.

"அணைங்க. மறுபடி போடுங்க."

மறுபடியும் கீழே. மூன்றாம் முறையும் கீழே. அண்ணி டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேக்கின் பின்பக்கம் போனார். கன்ட்ரோலரிலிருந்து கிளம்பும் ஒரு கேபிளை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, இழுக்காமல், அசைக்காமல், குழந்தையின் விரலைப் பிடித்து நடத்திப் போவது போல அது போய்ச் சேரும் இடம்வரை தடவிக்கொண்டே போனார். அது கீழ்ப் பெட்டிக்குத்தான் முதலில் போனது. அங்கிருந்துதான் மேல் பெட்டிக்கு ஏறியது.

"கேபிள் எந்த வரிசையில போகுதோ அந்த வரிசையிலதான் சிஸ்டம் எண்ணுது" என்றார். "அதுக்குக் கீழதான் ஒண்ணு. மேலதான் ரெண்டு."

எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அறை பதினெட்டு டிகிரியில் இருந்தது.

இந்த டிஸ்க்குகளில் ஒன்று போனால் மற்றவை சேர்ந்து அதன் இடத்தை நிரப்பிவிடும். இரண்டு போனால் அவ்வளவுதான். நான் காட்டிய நல்ல டிஸ்க்கை அவர் உருவியிருந்தால், அதை மறுபடி நிரப்ப மிச்சமுள்ள ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசகில்லாமல் படித்தாக வேண்டும். சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அதில் ஒன்று. அந்தச் சுமையில் அது பாதி வழியில் உயிரை விட்டிருக்கும். பிறகு எங்களிடம் இருந்திருப்பது, அண்ணி கேட்டதால் காலையில் எடுத்து முடித்த அந்த நகல் மட்டும்தான். அதுவும் முழுதாகத் திரும்ப வர மூன்று நாள் ஆகும். மூன்று நாள் படமே இல்லாமல் ஓர் ஆஸ்பத்திரி.

"அண்ணி" என்றேன்.

"எண்ணை அப்புறம் மாத்தி ஒட்டிக்கலாம். இப்ப அந்த டிஸ்க்கை சிஸ்டத்துலேர்ந்து விலக்கச் சொல்லுங்க. அது சரின்னு சொல்ற வரைக்கும் கை வைக்கப் போறதில்ல."

விலக்கினேன். கீழ்ப் பெட்டியில் அந்த ஒரு டிஸ்க்கின் பச்சை விளக்கு அணைந்து மஞ்சள் எரிந்தது. அண்ணி மண்டியிட்டு, அதன் முகப்பில் இருந்த சின்னப் பிடியை அழுத்தினார். அது மெல்லத் திறந்துகொண்டது. விரல் நீளத்துக்கு மட்டும் வெளியே இழுத்து அப்படியே விட்டுவிட்டார்.

"எடுக்கலையா?"

"உள்ள தட்டு இன்னும் சுத்திக்கிட்டிருக்கும். சுத்தறப்ப தூக்கினா கையிலயே திமிறும். நிக்கட்டும்."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விரல் நுனிகளை அந்த டிஸ்க்கின் விளிம்பில் வைத்திருந்தார். அதிர்வு அடங்குவதை விரலால் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. அது அடங்கிய பிறகு ஒரு கையால் அடியைத் தாங்கி வெளியே எடுத்தார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரை எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் ஸ்கிரீனில் இருந்ததோடு ஒப்பிட்டேன். கடைசி எழுத்துவரை பொருந்தியது. பிறகு புது டிஸ்க்கின் உறையைப் பிரித்து, அளவும் மாதிரியும் சரிதானா என்று அதையும் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டு, காலியாக இருந்த இடத்தில் வைத்துத் தள்ளினார். அடிக்கவில்லை, அமுக்கவில்லை. கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம். மஞ்சள் போய்ப் பச்சை வந்தது.

ஸ்கிரீனில் புது டிஸ்க் நிரம்பத் தொடங்கியது. முடிய ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

பதினோரு மணி ஆபரேஷனுக்கு வேண்டிய படங்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் திறந்தன, ஆனால் திறந்தன. ஒரு மணிக்கு டைரக்டர் ஆபரேஷன் முடித்த உடையிலேயே வந்தார். கன்ட்ரோலர் இருந்த அட்டைப் பெட்டி மேசையில் பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தார்.

"அதையும் சேர்த்து மாத்திட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க?"

"டிஸ்க் நிரம்பி முடியட்டும் சார். ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

"நான் கையெழுத்து போட்டுத் தரேன். என் பொறுப்பு."

"கையெழுத்து உங்களோடது சார். கழட்டற கை என்னோடது." குரலை உயர்த்தவில்லை. "ஒரே ஆளுக்கு ரெண்டு முட்டியும் ஒரே நாள்ல மாத்துவீங்களா?"

டைரக்டர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார். "சில பேர் மாத்துவாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் மாத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு அம்மா எனக்குப் போன் செய்தாள். நான்கு மணிக்கு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாக அண்ணி சொல்லியிருந்தாராம். "அவ போனை எடுக்க மாட்டேங்குறா. உன் ஆபீஸ்லதான் இருக்காளாமே. அனுப்பி வை."

"இப்ப முடியாதும்மா."

"ஒரு ஸ்க்ரூ முடுக்க ஒரு நாளா? நீயாவது கூட மாட ஒத்தாசை பண்ணக் கூடாதா?"

ஒன்பது வருடமாகச் சிரித்துக் கடந்த பேச்சு அது. அன்று சிரிக்க முடியவில்லை. "அம்மா, இங்க அவங்க என்ன பண்றாங்கன்னு நான் இன்னைக்குதான் பார்க்கறேன். காலையில நான் சொன்னதைக் கேட்டிருந்தாங்கன்னா இந்நேரம் என் வேலை போயிருக்கும். ஆஸ்பத்திரியே படுத்திருக்கும். அண்ணன் ஸ்கூல் விட்டதும் வந்து உன்னைக் கூட்டிட்டுப் போவான். நான் சொல்லிடறேன்" என்றேன்.

"சாப்பிட்டாளா?" என்று கேட்டாள் அம்மா.

சாப்பிட்டிருக்கவில்லை. நானும்தான். கேன்டீனிலிருந்து இரண்டு பொட்டலம் வாங்கி வந்தேன். ரேக் அறைக்கு வெளியே நடைவழி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். "எப்பவும் இப்படித்தானா அண்ணி?" என்று கேட்டேன்.

"பல நாள் இதைவிட சுலபம். சில நாள் கஷ்டம்." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "புதுசுல ஒரு இடத்துல அவசரப்படுத்தினாங்கன்னு நானும் தப்பான டிஸ்க்கை உருவியிருக்கேன். ஒரு காலேஜோட பரீட்சைப் பேப்பர் எல்லாம் அதுல இருந்துச்சு. நாலு நாள் தூங்கல. திரும்பி வந்துடுச்சு, ஆனா அந்த நாலு நாள் என்னை விட்டுப் போகல."

இதை அவர் வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

ஐந்தரைக்கு டிஸ்க் முழுதாக நிரம்பியது. ஆனாலும் அவர் உடனே எழுந்துவிடவில்லை. எல்லா டிஸ்க்குகளும் நலம் என்று சிஸ்டம் சொல்வதை மேலும் கால்மணி நேரம் பார்த்த பிறகுதான் கன்ட்ரோலர் பெட்டியைப் பிரித்தார். கெட்ட கன்ட்ரோலரில் செருகியிருந்த ஆறு கேபிள்களுக்கும் வெள்ளை டேப்பில் எண் எழுதி ஒட்டினார், போனில் படம் எடுத்தார். வேலை முழுவதையும் நல்ல கன்ட்ரோலருக்கு மாற்றச் சொன்னார். அது ஏற்றுக்கொண்டது என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகு ஒவ்வொரு கேபிளாகக் கழற்றி, எதுவும் மடங்காமல் ரேக்கின் பக்கக் கம்பியில் தொங்கவிட்டார். இரண்டு பிடிகளையும் ஒரே சீராகத் திருகி, அந்தக் கன்ட்ரோலரை அறுந்துவிடக்கூடிய எதையோ இழுப்பது போல வெளியே இழுத்தார்.

அந்த நேரம் பார்த்து ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எடுத்தேன். அந்தப் பக்கம் டெக்னீஷியன்.

"சார், இன்னைக்கு ஏதோ மெஷின் மாத்தறாங்கன்னு சொன்னாங்களே, எப்ப ஆரம்பிப்பீங்க? நாங்க வேலையை நிறுத்தணுமா?"

பாதி மெஷின் அப்போது அண்ணியின் கையில் இருந்தது. "நிறுத்த வேண்டாம்" என்றேன். "நீங்க பாட்டுக்குப் பாருங்க."

புதியது உள்ளே போனது, கேபிள்கள் எண்படி திரும்பின. அது விழித்து, தன் ஜோடியை அடையாளம் கண்டு, வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அண்ணி அதுவரை மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை.

கையெழுத்து வாங்க அவர் கொடுத்த அறிக்கையில், செய்த வேலைகளுக்குக் கீழே, 'பெட்டி எண்கள் கேபிள் வரிசைப்படி மாற்றி ஒட்டப்பட்டன' என்று ஒரே ஒரு வரி இருந்தது. யார் தப்பாக ஒட்டியது என்று இல்லை. டைரக்டர் அதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போடப் போனார்.

"சார், அதை ஒட்டினது நான்" என்றேன். காலையில் எந்த டிஸ்க்கைக் காட்டினேன், அண்ணி அதை உருவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதியில் நின்ற பேக்கப்பையும் சொன்னேன்.

டைரக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து அண்ணியிடம் கையை நீட்டினார். "காலையில உங்களை ரெண்டு தடவை அவசரப்படுத்தினேன். மன்னிச்சுக்குங்க" என்றார். அதன்பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க" என்றார். மறுநாள் திட்டு கிடைத்தது, அளவாக.

பதினைந்து நாள் கழித்து அண்ணியின் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. கழற்றிய டிஸ்க்கைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார்களாம். இருபத்திரண்டு நிமிடம் ஓடிவிட்டு நின்றுபோனதாம், மறுபடி எழவே இல்லையாம். நான் காட்டியதை உருவியிருந்தால் ஏழு மணி நேரம் தாங்க வேண்டியிருந்திருக்கும் டிஸ்க் அது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணிக்கு ஏதாவது வாங்கித் தரணும். என்ன பிடிக்கும்?"

"என்னடா திடீர்னு?"

"சும்மா சொல்லேன்."

அண்ணன் யோசித்தான். "ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் எழுப்பாம இருந்தா போதும்னு சொல்லுவா" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய் அம்மாவையும் அண்ணன் மகளையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். அழைப்பு மணியை அழுத்த மாட்டேன், தயாராக இருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால், இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி வந்தார்கள். பேத்தியை முன்னால் அனுப்பிவிட்டு, கதவை அம்மாவே ஓசையில்லாமல் சாத்தினாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்துக் கிடந்தபோது அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"இப்பதான் எழுந்தா" என்று கிசுகிசுத்தான். "மணி ரெண்டரை."